முதல் பெஞ்சில் இருந்தவளுக்கு ஆப்சென்ட்

போன மாதம் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். காது கேளாத, கண் தெரியாத மாணவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று விரிவுரையாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. காலையில் டிபன், மாலையில் சான்றிதழ். நடுவில் எல்லோர் காதிலும் பஞ்சை அடைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். பஞ்சை எடுத்ததும் ஒரு இளம் விரிவுரையாளர் கண் கலங்கி, "எவ்ளோ கஷ்டம் இல்லே மேடம்!" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளவா பயிற்சி? நாளைக்கே நீ வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையோடு பேசப் போகிறாய். உன் கண்ணீரை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? இதை அப்படியே மைக்கில் கேட்டேன். ஏற்பாடு செய்தவர்களின் முகம் செத்துப் போயிற்று. இனிமேல் என்னைக் கூப்பிட மாட்டார்கள். நல்லதாகப் போயிற்று, அந்த டிபனும் சகிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இளைய ஆசிரியர்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க டைம்ல ஒண்ணுமே இல்லியே மேடம், எப்படி மேனேஜ் பண்ணீங்க?" என்றான் ஒருவன். மேனேஜ் பண்ணவில்லையப்பா, சண்டை போட்டோம் என்றேன். என்ன சண்டை என்று கேட்டான். அதற்குள் அடுத்த கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். அவனுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பம்பாயில், தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்தவள். அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. பி.ஏ.வும் ஆசிரியர் பயிற்சியான பி.டி.யும் முடித்து, செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில வருஷம் சரித்திரம் நடத்தினேன். நடுவில் எம்.ஏ. எழுதினேன். அறுபதுகளின் நடுவில், பம்பாயில் டிராம் ஓடுவது நின்றுபோன வருஷம், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் பலர் இப்போது இல்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுக்கிறவருக்குப் பயிற்சி வேண்டும். கல்லூரியில் நடத்துகிறவருக்கு வேண்டாம், எம்.ஏ. பட்டம் இருந்தால் மேடை ஏறிவிடலாம். பி.டி. படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். அதனால் ஆசிரியர் அறையில் என் பெயரே 'ஸ்கூல் டீச்சர்'. கேலியாகத்தான் சொன்னார்கள். அந்தக் கேலி எனக்குப் பின்னால் உதவியது.

அந்தக் காலத்துக் கல்லூரி வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் உள்ளே வந்ததும் ரிஜிஸ்டரைத் திறந்து, தலையைக் குனிந்தபடி ரோல் நம்பர்களை வரிசையாகப் படிப்பார். அவரவர் நம்பருக்கு 'பிரெசென்ட் சார்' என்று குரல் வரவேண்டும். குரல் வந்தால் 'பி', வராவிட்டால் 'ஏ'. முகத்தைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அது முடிந்ததும் நோட்ஸ். ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதவேண்டும். நோட்ஸ் சொல்வதில் எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கட்ராமனை அடிக்க ஆள் கிடையாது. கையில் புத்தகம் இருக்காது, துண்டுச் சீட்டுகூட இருக்காது. ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கும், இன்னொரு கையில் ஒரு சிட்டிகை பொடி. பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டே காற்புள்ளி அரைப்புள்ளியோடு சொல்லிக்கொண்டு போவார். நாற்பது தலைகளும் குனிந்து எழுதும். அவருடைய நோட்ஸைப் படித்துத் தேறாதவர் இல்லை என்று பேர். அவரும் மாட்டுங்காக்காரர்தான், என் அப்பாவுக்குத் தெரிந்தவர்.

இந்த வகுப்பில்தான் பொன்மணி இருந்தாள். தாராவிப் பெண். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பன்னிரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, அதற்குப் போட்ட ஊசிகளில் உயிர் பிழைத்தது, காது போய்விட்டது. பேச்சு அதற்கு முன்பே வந்துவிட்டதால் நன்றாகப் பேசுவாள். ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காததால் ஒரே மட்டத்தில், உரக்கப் பேசுவாள். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். தமிழென்றால் அம்பு மாதிரி பிடிப்பாள், ஆங்கிலம் கொஞ்சம் தட்டும். என் சரித்திர வகுப்பில் நான் நிமிர்ந்து பார்த்து நம்பர் சொல்வேன், அவள் கையைத் தூக்குவாள். பி.டி.யில் கற்ற பழக்கம். மற்ற வகுப்புகளிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

வருஷக் கடைசி நெருங்கும்போது, பரீட்சை எழுத அனுமதி இல்லாதவர்களின் நம்பர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். 'டெர்ம் கிராண்ட் ஆகவில்லை' என்று சொல்வோம். வருகை போதாதவர்களுக்கு அந்தக் கதி. பொன்மணியின் நம்பரும் இருந்தது. பொருளாதாரத்தில் அவள் அநேகமாக வரவேயில்லையாம்.

மறுநாள் அவள் அம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். தமிழ் பேசுகிற முகம் என்று என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"டீச்சரம்மா, எம்மவ தெனமும் காலேசுக்குத்தான் வாரா. நான்தான் சோறு கெட்டிக் குடுத்து அனுப்புதேன். இங்க வரலன்னு எழுதிப் போட்டிருக்காவளாம். அப்போ இம்புட்டு நாளும் எங்க போயிச் சுத்துனான்னு அவ அப்பா கேக்காவ. படிச்சது போதும், மாப்பிள்ள பாத்துருதேங்காவ. நீங்களே சொல்லுங்க, எங்க போனா இவ?"

பொன்மணி அழவில்லை. கோபத்தில் அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "நான் மொத பெஞ்சுல இருந்தேன் டீச்சர். ஒரு நாளும் மாத்தி உட்காரல."

விசாரித்தேன். அவள் பக்கத்தில் உட்காரும் நீலா என்ற மராத்திப் பெண் நடந்ததைச் சொன்னாள். முதல் மாதம் பொன்மணியின் நம்பர் வரும்போது நீலாதான் 'பிரெசென்ட் சார்' என்று சொல்லியிருக்கிறாள். ஒருநாள், ஒரே குரல் இரண்டு தரம் வருகிறதே என்று வெங்கட்ராமனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வராத பெண்ணுக்காக ஆள்மாறாட்டம் செய்கிறாய் என்று நீலாவை எழுப்பி நிறுத்தித் திட்டி அபராதமும் போட்டார். திட்டியபோதும் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் 'வராத பெண்' தனக்கு எதிரே இருப்பதைப் பார்த்திருப்பார். அதன் பிறகு அவர் வகுப்பில் மட்டும் பொன்மணிக்காக நீலா வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் பொன்மணி வந்தாள், தினமும் 'ஏ' விழுந்தது.

நேரே பிரின்சிபால் நாட்கர்ணியிடம் போனேன். அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாருக்கும் 'முடியாது' என்று அவர் சொன்னதே இல்லை. 'தேகேங்கே', பார்க்கலாம் என்பார். பேசுகிறவரை நிமிர்ந்து பார்க்காமல் பிளேடால் பென்சில் சீவிக்கொண்டே கேட்பார். சாதகமாக முடிவெடுத்திருந்தால் உடனே சொல்லி அனுப்பிவிடுவார். மறுக்கப்போகிறார் என்றால் மணியடித்து டீ வரவழைப்பார். எல்லோருக்கும் இது தெரியும். என் பேச்சில் பாதி முடிவதற்குள் டீ வந்துவிட்டது.

நான் டீயைத் தொடவில்லை. "சார், வகுப்பில் இருந்த பெண்ணை இல்லை என்று எழுதியிருக்கிறோம்" என்றேன்.

"இருந்திருக்கலாம் மிஸ். ஆனால் காது கேட்காமல் வகுப்பில் இருந்து என்ன பயன்? நோட்ஸ் எழுத முடிகிறதா? அந்தப் பெண்ணின் நன்மைக்குத்தான் சொல்கிறேன், தையல் பள்ளிகள் இருக்கின்றன" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நடத்தத் தெரியாத நாங்கள் அவள் காதைக் குறை சொல்கிறோம். "சார், அவளை ஏன் சோதிக்கிறீர்கள், எங்களைச் சோதியுங்கள். அவளுக்குப் பாடம் எடுக்கிற எல்லோரையும் சில சனிக்கிழமை மத்தியானங்கள் என்னிடம் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் இவளுக்கு நடத்த முடியாது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியும் என்றால், நீங்கள் அவளைப் பரீட்சைக்கு அனுப்பவேண்டும்" என்றேன்.

பென்சில் நின்றது. முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பேராசிரியர்களை ஒரு ஸ்கூல் டீச்சர் உட்கார வைத்துப் பாடம் எடுப்பதை நினைத்து உள்ளூரச் சிரித்திருப்பார். "தேகேங்கே" என்றார். ஆனால் மறுநாள் சுற்றறிக்கை வந்துவிட்டது.

என்னிடம் பாடத்திட்டம் ஒன்றும் இல்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு பயிற்சி அதற்கு முன் எங்காவது நடந்ததா என்றே எனக்குத் தெரியாது. இருந்தது ஒரு கண்ணாடிக் கதவு. பௌதிகச் சோதனைச்சாலைக்கும் வராந்தாவுக்கும் நடுவே, மேல்பாதி கண்ணாடி போட்ட கனமான கதவு. சாத்தினால் பேச்சு கேட்காது. ஒருவர் சோதனைச்சாலைக்குள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தன் பாடத்தை எப்போதும்போல் நடத்தவேண்டும். மற்றவர்கள் இந்தப் பக்கம் வராந்தாவில் உட்கார்ந்து, அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்து எழுதவேண்டும். பொன்மணியையும் எங்களோடு உட்கார வைத்தேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிற பயிற்சி இல்லை இது. உள்ளே நிற்கிறவன் ஒழுங்காக நடத்துகிறானா என்று பார்க்கிற பயிற்சி.

முதலில் போனவர் ஆங்கிலம் நடத்திய பிண்டோ. கோவாக்காரர், தங்கமான மனுஷர், வாயை மூடுகிற மீசை. இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு மீசை மட்டும் ஆடுவது தெரிந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியே வந்தவர் பொன்மணியிடம், "யூ ஆல்சோ ஸீ ஒன்லி மீசை?" என்று மீசையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். அவள் தயங்காமல் தலையாட்டினாள். திங்கட்கிழமை பிண்டோ மீசையை வெட்டிக்கொண்டு வந்தார். அவர் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இன்னொருவர் ஜன்னலுக்கு முன்னால் நின்றார். வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாகிவிட்டது. இன்னொருவர் எழுதிக்கொண்டே கரும்பலகையிடம் பேசினார். தன் முதுகு எவ்வளவு அகலம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்தினோம். எழுதும்போது பேசாதே, திரும்பி நின்ற பிறகு பேசு. உதட்டில் 'ப'வும் 'ம'வும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆகவே என்ன விஷயம் என்று தலைப்பை முதலில் பலகையில் போடு. பேச்சு வேறு பக்கம் போனால் அதையும் எழுதிக் காட்டு. கத்தாதே, கத்தினால் வாய் கோணுகிறது. முக்கியமாக, நோட்ஸ் சொல்லாதே. உதட்டைப் பார்க்கிற கண் நோட்டுப்புத்தகத்தைப் பார்க்க முடியாது, நோட்டைப் பார்த்தால் உதடு போய்விடும். நீலா கார்பன் வைத்து எழுதட்டும், அடிப்பிரதியைப் பொன்மணி வாங்கிக்கொள்ளட்டும். வகுப்பில் அவள் வேலை பார்ப்பது, உன் வேலை முகத்தைக் காட்டுவது.

வெங்கட்ராமன் மட்டும் வரவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோர் எதிரிலும் என்னைப் பிடித்தார்.

"என்னம்மா, நேத்திக்கு வந்த பொண்ணு நீ, நேக்குப் பாடம் நடத்தக் கத்துத் தரப் போறியா? நாப்பது பேர் நோட்ஸுக்குக் காத்துண்டிருக்கா. ஒருத்திக்காக நாப்பது பேரையும் விட்டுடச் சொல்றயா? செவிடன் காதுல சங்கு ஊதின கதைதான்."

"சங்கு ஊதறவர் மூஞ்சியையாவது காட்டலாமே சார்" என்றேன்.

அவர் கேட்டது நியாயமில்லாத கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது பேர் என்பது உண்மைதான். ஆனால் பிண்டோ வகுப்பில் இப்போது நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதும் உண்மை. அதையும் சொன்னேன். "சனிக்கிழமை வரேன். உன் கண்ணாடியை நானும் பாக்கறேன்" என்று சவால் விட்டுப் போனார்.

வந்தார். கோட்டும் டையுமாகக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, எப்போதும்போல் நடந்துகொண்டே ஆரம்பித்தார். பொடி பிடித்த கை மூக்கருகே, அதற்குக் கீழே வாய் இருந்த இடம் தெரியவில்லை. இந்தப் பக்கம் எல்லோருடைய தாளும் வெள்ளையாக இருந்தது. பிண்டோ பேனாவை மூடிவிட்டார். யாருக்கும் அவரிடம் சொல்லத் தைரியமில்லை. பொன்மணி எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "சார், கைய எடுங்க. வாய் தெரியல" என்றாள், அவளுடைய அந்த உரத்த குரலில்.

பேராசிரியரிடம் தாராவிப் பெண் ஒருத்தி இப்படிப் பேசியதை அந்தக் கட்டிடம் அதுவரை கேட்டிருக்காது. வெங்கட்ராமன் படியிறங்கிப் போய்விட்டார்.

மற்றவர்கள் எல்லோரும் 'நடத்த முடியும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நாட்கர்ணி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், அவருடைய பாணியில். ஒரு விண்ணப்பத்தைத் தானே டைப் அடிக்கச் செய்து எங்களைக் கூப்பிட்டார். பொன்மணியும் அவள் அம்மாவும் நானும் அறைக்குள். துறைத் தலைவர் என்ற முறையில் வெங்கட்ராமனும் இருந்தார், எங்கள் பக்கம் திரும்பாமல். பொன்மணியின் அப்பா உள்ளே வர மறுத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்.

விண்ணப்பம் இவ்வளவுதான்: செவிட்டுக் குறை காரணமாக நான் பொருளாதார வகுப்புகளுக்கு வரவில்லை, கருணை கூர்ந்து மன்னிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் பரீட்சை எழுதலாம்.

பொன்மணி படித்தாள். இரண்டாம் தரம் படித்தாள். தாளை மேஜைமேல் தள்ளினாள். "இதுல கையெழுத்துப் போட மாட்டேன் டீச்சர்."

நாங்கள் அலைந்த அலைச்சல் எல்லாம் போயிற்றா என்று நினைத்தேன். கூடவே, எழுந்து நின்று கைதட்டவேண்டும் போலவும் இருந்தது.

"ஏட்டி, போடுட்டி!" என்று அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு கையெழுத்துதான? அந்த ஐயா எம்புட்டு மனசு வச்சுச் செஞ்சிருக்காவ!"

"வரலன்னு நானே எழுதிக் குடுத்தா, அப்போ எங்க போனேன்னு அப்பா கேப்பாவல்லா? என்ன சொல்லட்டும்? நான் வந்தேன்மா. வந்தவளுக்கு என்னத்துக்கு மன்னிப்பு?"

நாட்கர்ணி மணியில் கை வைத்தார். டீ வந்தால் எல்லாம் முடிந்தது. பொன்மணி வெங்கட்ராமன் நாற்காலிக்கு நேரே போய் நின்றாள்.

"சார், நீங்க மொட்ட போட்டுட்டு வந்தியல்லா, அன்னைக்கு எல்லாரும் தலையக் குனிஞ்சு நோட்ஸ் எழுதிக்கிட்டு இருந்தாவ. எனக்குத்தான் நோட்ஸ் எழுத வராதே, ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். பாடஞ் சொல்லிக்கிட்டே அழுதிய. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுச்சு. ஜன்னல் பக்கம் போயி கர்சீப்பால தொடச்சிட்டு மறுபடியும் சொன்னிய. ஒருத்தரும் பாக்கல. ஒங்கம்மா எறந்துட்டாவன்னு பொறவுதான் நீலா எழுதிக் காட்டுனா. நானும் அழுதேன்." மூச்சு வாங்கினாள். "அன்னைக்கும் எனக்கு ஆப்சென்ட்தான் போட்டிருக்கிய."

நாட்கர்ணிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

வெங்கட்ராமன் பிரின்சிபாலிடம் ஆங்கிலத்தில், இந்த விண்ணப்பம் வேண்டியதில்லை, இந்தப் பெண் எல்லா நாளும் வந்திருந்தாள், தவறு என்னுடையது என்றார். ரிஜிஸ்டரைத் திருத்தக்கூடாதே என்று நாட்கர்ணி இழுத்தார். "பொய்யை வைத்திருக்கலாமா?" என்று வெங்கட்ராமன் கேட்டார். ரிஜிஸ்டர் வந்தது. முதலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு 'ஏ'வையும் அடித்து, மேலே 'பி' எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் பேனா நின்றது. எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. அதையும் அடித்துத் திருத்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பொன்மணியின் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பேனா போகிற போக்கை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். பிரின்சிபால் அறை என்றும் பார்க்காமல் கதவைத் தடாலென்று திறந்து வராந்தாவைப் பார்த்துக் கத்தினாள்:

"கேட்டியளா! ஒங்க மவ தெனமும் வந்திருக்கா! வாத்தியாரே எழுதிட்டாரு, உள்ள வந்து பாரும்!"